மூன்று மில்லிமீட்டர் புல்: டர்பனில் கிரீன்கீப்பர் பயிற்சி

கோல்ஃப் மைதானத்தில் குழியும் கொடியும் இருக்கும் இடத்துக்குக் கிரீன் என்று பெயர். அங்கே புல்லின் உயரம் பெரும்பாலும் 3 முதல் 4 மில்லிமீட்டர்தான். வீட்டு வாசலில் வளரும் புல்லை அந்த உயரத்துக்கு வெட்டினால் சில நாளிலேயே மண் தெரிந்துவிடும். கிரீனில் அதை அநேகமாகத் தினமும் வெட்டி, அதன்மேல் ஆட்களை நடக்கவிட்டு, அப்படியும் பச்சை மாறாமல் காப்பாற்றுகிறார்கள். கிரீன்கீப்பர் எனப்படும் இந்த வேலைக்கான செய்முறைப் பயிற்சியைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே ஒரு கோல்ஃப் கிளப்பில் வேலை பார்த்துக்கொண்டே முடித்தேன். மைதானங்களில் வேலை செய்யும் நம்மவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். இந்தப் பயிற்சி எப்படி நடக்கும் என்று அவர்களில் பலர் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

நான் சிதம்பரம் பக்கத்துக்காரன். திருமணமாகி டர்பன் வந்தேன். மாமனார் டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸ்வாசி, வாழ்நாளெல்லாம் கோல்ஃப் மைதானங்களில் புல் வெட்டியவர். பக்கத்தில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் முழுவதும் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டம். ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் அங்கே கரும்பு வெட்டினார்கள். இப்போது அந்த மண்ணில் கோல்ஃப் மைதானங்கள் இருக்கின்றன. பாப்வா சேவ்கோலம் என்ற இந்திய வம்சாவளி கோல்ஃப் வீரர் 1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பன் போட்டியை வென்றதையும், இந்தியர் என்பதால் கிளப் கட்டடத்துக்குள் நுழைய முடியாமல் மழையில் நின்றே கோப்பை வாங்கியதையும் மாமா சொல்லும்போது குரல் கம்மும். "மாப்பிள்ளை, புல்லைப் பற்றி எனக்குத் தெரியும். ஆனால் தெரியும் என்று சொல்ல ஒரு தாள் இல்லை. நீங்கள் அந்தத் தாளை வாங்கிவிடுங்கள்" என்று அவர் சொன்னதால்தான் விண்ணப்பித்தேன்.

தென்னாப்பிரிக்காவில் இதற்கு லேர்னர்ஷிப் என்று ஓர் ஏற்பாடு உண்டு. 1998ஆம் ஆண்டின் திறன் மேம்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது அது. ஓரளவுக்கு மேல் சம்பளப் பட்டியல் உள்ள முதலாளிகள் அந்தத் தொகையில் 1 சதவீதத்தைத் திறன் வரியாகக் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தின் ஒரு பகுதி சேட்டா எனப்படும் துறைவாரி அமைப்புகள் வழியாகப் பயிற்சிக்குத் திரும்பி வருகிறது. ஆகவே கிளப் உங்களைப் பயிற்சிக்கு அனுப்புவதைத் தர்மமாக நினைத்துக் கூச வேண்டாம், அதற்கென்றே கட்டப்பட்ட பணம் அது. வகுப்பு கொஞ்சம், மைதானத்தில் வேலை நிறைய. செய்த ஒவ்வொரு வேலையும் பதிவேட்டில் ஏற வேண்டும், மேற்பார்வையாளர் கையெழுத்திட வேண்டும்.

முதல் பாடமே புல்வெட்டி இயந்திரம்தான். கிரீனில் ஓடுவது கத்திகள் பொருத்திய சுழலும் ரீலும் அதன் அடியில் அசையாத ஒரு கத்தியும் கொண்டது. இரண்டும் கத்தரிக்கோல்போலச் சேர்ந்து புல்லை நறுக்க வேண்டும். இன்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிய பிறகே கை வைக்கலாம். கனமான கையுறையோடு ரீலை மெதுவாகத் திருப்பி, நடுவே ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்துப் பார்க்கிறோம். இடது கோடியிலிருந்து வலது கோடிவரை எங்கே கொடுத்தாலும் காகிதம் சுத்தமாக நறுங்க வேண்டும். ஓரிடத்தில் மடிந்து வந்தால், அந்த இடத்தில் புல்லும் நறுங்காமல் கிழியும். கிழிந்த நுனி மறுநாள் வெளிறும், நோய் நுழைய அதுவே வாசல். பிறகு முன் உருளைக்கும் பின் உருளைக்கும் குறுக்கே அளவுக் கம்பியை வைத்து, அதிலுள்ள திருகின் தலையை அசையாத கத்தியின் விளிம்பில் கொளுவி உயரத்தைச் சரிசெய்கிறோம். இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலும் கிரீனில் பட்டை பட்டையாகத் தெரிந்துவிடும். எங்கள் பயிற்சியாளர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் செய்யவைத்தார். ஒருவர் செய்ய மற்றவர் வேடிக்கை பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. அவர் செய்தது சரி. காகிதம் நறுங்கும் அந்தச் சத்தம் காதில் பதிந்த பிறகு, ஓடும்போதே இயந்திரம் சரியாக வெட்டுகிறதா என்று கேட்டே சொல்லிவிடலாம்.

வெட்டும் திசையையும் நாளுக்கு நாள் மாற்றுகிறோம். ஒரே திசையில் வெட்டினால் புல் ஒருபக்கமாகப் படுத்து, பந்தை இழுத்துக்கொண்டு போகும்.

குழி மாற்றுவது பார்க்கச் சின்ன வேலை. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், உள்ளே வைக்கும் கிண்ணத்தின் விளிம்பு தரை மட்டத்துக்கு ஓர் அங்குலமாவது கீழே இருக்க வேண்டும் என்பது ஆட்ட விதி. புதிய இடத்தில் வெட்டி எடுத்த மண்கட்டியைப் பழைய குழியில் பொருத்துகிறோம். கட்டி மேடாக நின்றால் மறுநாள் காலை இயந்திரம் அதன் தலையைச் சீவிவிடும். பள்ளமாக இருந்தால் உருளும் பந்து துள்ளும். கண்ணால் பார்த்து மட்டம் சொல்ல முடியாது. மண்டியிட்டு உள்ளங்கையை வைத்துத் தடவினால் மட்டுமே தெரியும். கட்டியின் ஓரத்தை விரலால் நெருக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, மறுபடியும் தடவிப் பார்க்கிறோம். கிரீன் சரிவாக இருந்தாலும் குழி செங்குத்தாகவே இறங்க வேண்டும்.

எங்கள் கிரீனில் இருப்பது நம் அறுகம்புல்லின் சொந்தக்காரப் புல். பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகையும், தென்னாப்பிரிக்க மண்ணிலேயே தோன்றிய இன்னொரு மெல்லிய அறுகு வகையையும் இணைத்து, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி கலப்பினங்களை உருவாக்கினார். 1956இல் டிஃப்கிரீன் வெளிவந்தது, 1965இல் டிஃப்டுவார்ஃப். உலகத்தின் வெப்பப் பகுதி கிரீன்கள் பலவற்றில் ஓடுவது இந்தக் குடும்பத்தின் ரத்தம்தான். ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி வாழ வேண்டும் என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, அந்த வேரோட்டம் எவ்வளவு மூர்க்கமானது என்பதை கிரீனில் குழாயை இறக்கி மண்ணை உருளையாக எடுத்துப் பார்த்தபோதுதான் கண்டேன். தரைக்கு மேலும் கீழும் கொடி ஓடுகிறது. செத்த தண்டும் வேரும் மட்காமல் மேலே மெத்தையாகச் சேர்கின்றன. அதைத் தாட்ச் என்கிறார்கள். அது தடித்தால் தண்ணீர் கீழே இறங்காது, வேரும் மேலேயே நின்றுவிடும்.

அதற்குத்தான் உள்ளீடற்ற குழாய்களால் கிரீன் முழுவதும் துளை போட்டு, மண் உருளைகளை அப்புறப்படுத்தி, காய்ந்த மணலைத் தூவித் துடைப்பத்தால் துளைக்குள் தள்ளுவது. ஆட வருபவர்கள் அந்த வாரம் முழுக்கத் திட்டுவார்கள். திட்டு வாங்கினாலும் செய்தே ஆக வேண்டிய வேலை இது. டர்பனின் ஈரப்பதத்திலும் கோடை மழையிலும் இதைத் தள்ளிப்போட்ட கிரீன்கள் பாசி பிடித்துச் சீரழிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஹடேடா பறவைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடியற்காலையில் ஊரையே எழுப்பும் அந்த அரிவாள் மூக்கன்கள் கிரீனில் குத்திக் குத்தித் துளை போடும். புதிதாக வந்தவர்கள் விரட்ட ஓடுவார்கள். பயிற்சியாளர் எங்களை அந்த இடத்தில் உட்காரவைத்துப் புல்லைக் கத்தியால் கீறித் திறக்கச் சொன்னார். உள்ளே வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. பறவை நமக்கு முன்பே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது. மருந்து தேவையா, எங்கே தேவை என்பதைப் புழுக்களை எண்ணிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மருந்து தெளிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள், கணக்கு வருகிறதே. ஐம்பது மீட்டரை 36 விநாடியில் கடந்தால் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். நாசில் எனப்படும் ஒரு தெளிப்பு முனை ஒரு நிமிடத்தில் 0.8 லிட்டர் தருகிறது, நாசில்களுக்கு இடையே அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 0.8ஐ, அலகுகளை மாற்றும் எண்ணான 600ஆல் பெருக்கி, வேகத்தையும் இடைவெளியையும் பெருக்கி வரும் 2.5ஆல் வகுத்தால் ஹெக்டேருக்கு 192 லிட்டர். 500 சதுர மீட்டர் கிரீனுக்கு 9.6 லிட்டர் போதும். முதலில் வெறும் தண்ணீரை அளவுக் குடுவையில் பிடித்து எல்லா நாசில்களையும் சோதிக்கிறோம். அடைத்த நாசிலையோ தேய்ந்த நாசிலையோ மாற்றிய பிறகுதான் மருந்துப் புட்டியைத் திறக்கலாம். இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் கிளப்புக்குச் செலவு குறையும், நமக்கும் உடம்பு தப்பும். மாமா காலத்தில் கையுறைகூடத் தரமாட்டார்களாம்.

இறுதி மதிப்பீடு மைதானத்திலேயே நடக்கிறது. மதிப்பெண் கிடையாது. "தகுதி பெற்றார்", "இன்னும் தகுதி பெறவில்லை" என்று இரண்டே முடிவுகள். இரண்டாவது வந்தாலும் தோல்வி இல்லை, அந்தப் பகுதியை மட்டும் திரும்பச் செய்யலாம். செய்யும்போதே "ஏன் இப்படி?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். என்னுடன் இருந்த ஜூலு அண்ணன் ஒருவர் என்னைவிட எத்தனையோ ஆண்டுகள் மூத்தவர். பள்ளிப் படிப்பு குறைவு. முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் வழி ஒன்று இங்கே உண்டு. அவர் அதில் வந்தார், ஏற்கெனவே தெரிந்ததை வகுப்பில் உட்காராமல் செய்துகாட்டியே நிரூபித்தார். குழி மாற்றிய இடத்தை மதிப்பீட்டாளர் தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. மாமாவுக்கு இந்த வழி அன்றே கிடைத்திருக்க வேண்டும் என்று அப்போது நெஞ்சு அடைத்தது.

சேர நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். அடையாள ஆவணம், பள்ளிச் சான்று, வேலைக் கடிதம் மூன்றின் சான்றளித்த நகல்களை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். பதிவேட்டில் கையெழுத்தை அன்றன்றே வாங்குங்கள். மேற்பார்வையாளர் வேலையை விட்டுப் போய்விட்டதால், செய்த வேலைக்குச் சாட்சியில்லாமல் திரும்பச் செய்தவர்கள் உண்டு. செய்த வேலையை, முன்னும் பின்னும், கைபேசியில் படம் எடுத்துத் தேதியோடு கோப்பில் ஒட்டுங்கள். ஆங்கிலம் தடுமாறினால், செய்துகாட்டிக்கொண்டே விளக்க அனுமதி கேளுங்கள். எங்கள் குழுவில் கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். சான்றிதழ் அச்சாகி வர மாதக்கணக்காகலாம். அதுவரை மதிப்பீட்டாளர் கையெழுத்திட்ட முடிவுத்தாளின் நகல் ஒன்றை வீட்டில் வைத்திருங்கள். வேறு கிளப்பில் வேலைக்குப் போனால் முதலில் கேட்பது அதைத்தான்.