டியோஷ்ட்யோர் வரைபட வேலை: இதுவரை வந்த கதை

பழைய வரைபடங்களை எடுத்து இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்திப் பார்ப்பதுதான் கொஞ்ச காலமாக என் பொழுதுபோக்கு. இந்த முறை எடுத்துக்கொண்டது ஹங்கேரியின் வடகிழக்கில் இருக்கும் டியோஷ்ட்யோர். கோட்டையும் சந்தையுமாகப் பல நூறு வருடம் தனி ஊராக இருந்துவிட்டு, இப்போது மிஷ்கோல்ட்ஸ் நகரத்தின் மேற்குப் பகுதியாக ஆகிப்போன ஊர். கோட்டைக்கும் மிஷ்கோல்ட்ஸ் மையத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 7 கிலோமீட்டர். அந்த 7 கிலோமீட்டர் எப்போது நிரம்பியது, எந்தப் பக்கத்திலிருந்து நிரம்பியது, இதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நகரம் வீங்கி வீங்கிக் கோட்டை வரை வந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வரைபடங்கள் வேறு மாதிரி சொல்கின்றன, அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் கோட்டை. இப்போது நிற்கும் கோட்டையைக் கட்டியவர் 14ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் லாயோஷ் மன்னர். நீள்சதுரம், நான்கு மூலையிலும் கனமான கோபுரங்கள், சுற்றிலும் அகழி, உள்ளே 25 மீட்டருக்கு 13 மீட்டர் அளவில் ஒரு வீரர் மண்டபம். அவர் 1370லிருந்து போலந்துக்கும் ராஜா, ஹங்கேரியின் புடாவிலிருந்து போலந்தின் கிராகோவுக்குப் போகும் வழியில் இந்த இடம் அகப்பட்டதால் அடிக்கடி வந்து தங்கியிருக்கிறார். வெனிஸோடு 1381ல் டூரினில் முடிந்த சமாதான உடன்படிக்கைக்கு அவர் ஒப்புதல் கொடுத்தது இந்தக் கோட்டையில் வைத்துத்தான். வெனிஸ் வருடா வருடம் 7,000 பொற்காசு கட்ட வேண்டும் என்று அதில் ஒரு ஷரத்து. அவருக்குப் பிறகு 16ஆம் நூற்றாண்டின் நடுவரை கோட்டை ராணிகளின் சொத்தாகக் கைமாறிக்கொண்டே இருந்தது. 1596ல் மெசோகெரெஸ்டெஷ் சண்டையை ஒட்டி துருக்கியர் கைக்குப் போனது, அதற்கப்புறம் சரிவுதான், பிறகு இடிபாடு.

என் வேலைக்கு இடிபாடு ரொம்ப வசதி. வீடு மாறும், ஓடை வழி மாறும், சாலையை நேராக்கிவிடுவார்கள், ஆனால் நான்கு மூலைக் கோபுரம் எங்கேயும் போகாது.

ஹங்கேரியை அப்போது ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் ராணுவம் நாட்டை அளந்து வரைந்த வரைபடங்கள் மூன்று சுற்று உண்டு, மூன்றையும் இணையத்தில் திரையில் இலவசமாகப் பார்க்கலாம். முதல் சுற்றில் ஹங்கேரியை அளந்தது 1782லிருந்து 1785க்குள், 1:28,800 அளவில், கையால் வரைந்து வண்ணம் தீட்டி, ராணுவ ரகசியமாகப் பூட்டி வைத்தது. கல் கட்டடம் என்றால் சிவப்பு, மற்றவை கறுப்பு, மலைச்சரிவுகளுக்குத் தூரிகைக் கோடுகள். பார்க்கக் கொள்ளை அழகு, பொருத்த ஆரம்பித்தால் தலைவலி, ஏனென்றால் நாடு முழுவதற்குமான முக்கோண அளவை (இடங்களை முக்கோணங்களாக இணைத்துத் துல்லியமாக அளக்கும் முறை) இல்லாமல் வரைந்தது. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் கோட்டையை ஒரு கட்டுப்பாட்டுப் புள்ளியாக (பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒன்றாகப் பிடித்து வைக்கும் இடம்) வைத்தேன், மிஷ்கோல்ட்ஸில் அவஷ் குன்றுத் தேவாலயத்தை இன்னொன்றாக வைத்தேன் (அதன் தனி மணிக்கூண்டு 1557ல் கட்டியது, அதுவும் நகராத சாமான்). இந்த இரண்டு முனையும் ஒழுங்காக உட்கார்ந்தால் நடுவில் இருக்கும் சின்வா ஓடை சில நூறு மீட்டர் தள்ளிப் போய்விடுகிறது, ஓடையைப் பிடித்து இழுத்தால் குன்று சாய்கிறது. கடைசியில் நடுவில் புள்ளிகளைக் கூட்டி, தின் பிளேட் ஸ்ப்லைன் என்ற, படத்தை வளைத்துப் பொருத்தும் முறையைப் போட்டேன். படம் அங்கங்கே ரப்பர் மாதிரி இழுபடும், ஆனால் தெருக்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. இரண்டாம் சுற்றுக்கு முக்கோண அளவை உண்டு, அதற்கு இந்தப் பாடு இல்லை.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று. ஹங்கேரி வேலைக்கு, இணைய வரைபடங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டரில் வைத்து நீளம் அளக்காதீர்கள். 48 டிகிரி அட்சரேகையில் எல்லாம் சுமார் ஒன்றரை மடங்காக நீண்டு காட்டும், 7 கிலோமீட்டர் பத்தரை ஆகிவிடும். அந்த நாட்டுக்கென்றே இஓவி என்று ஒரு ப்ரொஜெக்ஷன் (உருண்டைப் பூமியைத் தட்டையாக வரையும் முறை) இருக்கிறது, மென்பொருளில் அதன் எண் 23700, அதில் வையுங்கள்.

சரி, என்ன தெரிந்தது? முதல் சுற்றில் இரண்டு ஊர்களும் தனித்தனி, நடுவில் வயல்வெளியும் ஓடையும். இரண்டாம் சுற்றிலும் அந்த இடைவெளி அப்படியே கிடக்கிறது. மாற்றம் வந்திருப்பது எதிர்ப்பக்கத்தில், கோட்டைக்கு மேற்கே பியூக் மலைக்குள். ஹாமோர் ஏரி முதல் சுற்றில் கிடையாது, இரண்டாவதில் இருக்கிறது. அது இயற்கை ஏரி இல்லை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரும்பாலைக்குத் தண்ணீர் வேண்டும் என்று அணை கட்டித் தேக்கியது. வூர்ட்ஸ்பர்க்கிலிருந்து வந்த பூட்டு வேலைக்காரர் ஃபசோலா ஹென்ரிக் 1770ல் அந்த மலைக்குள் ஓமஷ்ஷாவில் உலை தொடங்கினார், எகெர் நகரத்து மாவட்ட மாளிகையில் இருக்கும் அழகான இரும்புக் கதவுகள் அவர் கை வேலைதான். பிறகு அவர் மகன் ஊய்மஷ்ஷாவில் கட்டிய உலை இன்னும் நிற்கிறது. ஏரியையும் உலையையும் தனி லேயரில் (மேலே போடும் அடுக்கு) நீலத்திலும் ஆரஞ்சிலும் போட்டு வைத்தேன், அப்போது அது ஒரு உபகதை என்றுதான் நினைத்தேன்.

உபகதை இல்லை. மூன்றாம் சுற்றைத் திறந்ததும் கதையே அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று தெரிந்தது. மலைக்குள் இருந்த பழைய ஆலைகளால் ரயில் காலத்துத் தேவைக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. மிஷ்கோல்ட்ஸுக்கு 1859லேயே ரயில் வந்துவிட்டது, நிலக்கரி பக்கத்திலேயே கிடைத்தது, தண்டவாளத்துக்கு இரும்பு வேண்டும். 1868ல் அரசாங்கமே ஒரு பெரிய இரும்பாலையைத் தொடங்கியது. எங்கே? மலையை விட்டு இறங்கி, கோட்டைக்கும் மிஷ்கோல்ட்ஸுக்கும் ஏறக்குறைய நடுவில், டியோஷ்ட்யோரின் எல்லைக்குள். ஆலையைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்பு, பள்ளி, தேவாலயம், எல்லாம் சேர்ந்து வஷ்ட்யார் என்று மூன்றாவதாக ஒரு ஊர் முளைத்துவிட்டது. அதாவது நகரம் கோட்டையை நோக்கி நடந்து வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆலை உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கத்தையும் தன்னிடம் இழுத்தது. மூன்றாம் சுற்று லேயரின் ஒளிபுகும் அளவை மெதுவாகக் குறைத்துக்கொண்டே போனால், வெறும் வயலாக இருந்த இடத்தில் ஆலைக் கொட்டகைகளும் ரயில் கிளைப்பாதையும் மேலே ஏறி வரும். நாலைந்து தடவை சும்மாவே அப்படி நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் நடந்தது காகித வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, 1950க்குள், டியோஷ்ட்யோரையும் அக்கம்பக்கத்து ஊர்களையும் மிஷ்கோல்ட்ஸோடு இணைத்து ஒரே பெருநகரம் ஆக்கினார்கள். ஆலைக்கு லெனின் பெயர் வைத்தார்கள். கனரகத் தொழிலுக்கு ஆள் வந்துகொண்டே இருக்க, 1980களில் நகரத்தின் மக்கள்தொகை 2 லட்சத்தைத் தாண்டியது. 1950கள் தொடங்கிய வான்படங்கள் ஃபென்ட்ரோல் என்ற இணையதளத்தில் கிடைக்கின்றன, அவற்றைப் பொருத்துவது சுலபம், ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் இருக்கும் கட்டட மூலைகளே போதும். கோட்டைக்குப் பக்கத்திலேயே கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய அடுக்குமாடி வீடுகள் எழும்பியிருப்பதை அவற்றில் பார்க்கலாம். இன்றைக்கும் கோட்டையைப் படம் எடுத்தால் பின்னணியில் அந்தக் கட்டடங்கள் வந்துவிடும், சிலருக்கு அது எரிச்சல், எனக்கு அதுதான் இந்த இடத்தின் நேர்மையான படம்.

பெயர் மட்டும் முழுசாகக் கரையவில்லை. ஆலைத் தொழிலாளர்கள் 1910ல் தொடங்கிய கால்பந்துக் கிளப் இன்றும் டியோஷ்ட்யோர் பெயரில்தான் ஆடுகிறது, மிஷ்கோல்ட்ஸ் பெயரில் இல்லை. ஆலையோ 1990க்குப் பிறகு தடுமாறித் தடுமாறி, 2000களில் அணைந்துவிட்டது. நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒட்டவைத்த பசை போய்விட்டது, ஒட்டியவை பிரியவில்லை. இதற்கு நேர் எதிராகக் கோட்டைக்கு யோகம் வந்தது, 2014 வாக்கில் கூரையும் வீரர் மண்டபமும் திரும்பக் கட்டி முடித்தார்கள். இடிபாட்டை இவ்வளவு புதுசாக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் இடிபாடாகவே பார்த்துப் பார்த்து வரைந்தவனின் பாரபட்சம் அதில் இருக்கலாம்.

இப்போதைய நிலவரம்: மூன்று சுற்று ராணுவ வரைபடமும் பொருந்திவிட்டன, 1950கள் வான்படத்தில் வஷ்ட்யார் வரை கட்டடங்களைக் கோடு போட்டாயிற்று. மிச்சம் இருப்பது டிராம். மிஷ்கோல்ட்ஸில் டிராம் 1897ல் ஓட ஆரம்பித்தது. இன்றைக்கு ஒன்றாம் எண் டிராம் திஸா ரயில் நிலையத்திலிருந்து டியோஷ்ட்யோர் பக்கம் வரை நகரத்தைக் குறுக்காக ஓடுகிறது, இரண்டாம் எண் பழைய ஆலைப் பக்கம் பிரிகிறது. இந்தப் பாதைகள் கட்டம் கட்டமாக நீண்டதைத் தனி லேயராக்கினால், வீடுகள் டிராமுக்குப் பின்னால் வந்தனவா முன்னால் வந்தனவா என்று பார்த்துவிடலாம். 1981ல் கடைசியாக நகரத்தோடு சேர்ந்த புக்ஸென்ட்லாஸ்லோ கிராமத்தைச் சேர்ப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை, அது மலைக்குள் ரொம்பத் தள்ளி, என் சட்டகத்துக்கு வெளியே கிடக்கிறது.