கூட்டும்மா, ஒண்ணும் தெரியல

எங்கள் அறையில் மேசை ஓரமாக ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் இருக்கும். தோடு, மாட்டல், திருகாணி எல்லாவற்றையும் கழற்றி அதில் போட்ட பிறகுதான் வேலை தொடங்கும். மனச்சோர்வுக்குக் காது மடல் வழியாக வேகஸ் நரம்பைத் தூண்டும் சிகிச்சை அது. மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் பலன் உண்டா என்று பார்க்கும் ஒரு சிறிய ஆய்வில் இரண்டு வருஷம் டெக்னீஷியனாக இருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம்.

காது குடையும்போது சிலருக்கு இருமல் வருமே, அது வேகஸ் செய்கிற வேலை. மூளையின் அடியிலிருந்து கழுத்து, இதயம், வயிறு என்று இறங்கும் அந்த நீண்ட நரம்பின் ஒரு சிறு கிளை காதுக்கும் வருகிறது. கழுத்தில் கம்பி சுற்றி, நெஞ்சில் கருவி புதைத்து இதே நரம்பைத் தூண்டும் முறைக்கு அமெரிக்காவில் 2005இலேயே மனச்சோர்வுக்காக அனுமதி கொடுத்துவிட்டார்கள். கத்தி வைக்காமல் அதைச் செய்ய முடியுமா என்பதுதான் காதுக்கு வந்த கதை. மடலின் மேல் குழியில் மின்முனையை வைப்போம். வலப்பக்க வேகஸுக்கு இதயத் துடிப்பில் பிடி அதிகம் என்பதால் இடக் காதில் மட்டும். ஒப்பிட்டுப் பார்க்கிற குழுவுக்கு அதே கிளிப், ஆனால் தோடு போடும் காதுச் சோணையில். அங்கே வேகஸ் கிடையாது.

விநாடிக்கு 25 மின் துடிப்பு (25 ஹெர்ட்ஸ்), ஒவ்வொன்றும் 250 மைக்ரோசெகண்ட், மொத்தம் அரை மணி நேரம். இவையெல்லாம் மாறாது. என் கையில் இருந்தது ஒன்றுதான்: எத்தனை மில்லி ஆம்பியர் என்பது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, "சுருக்குன்னு தெரியுதா?" என்று கேட்பேன். பிறகு "வலிக்குதா?" வலிக்கிறது என்றால் ஒரு படி இறக்கி அங்கே நிறுத்துவேன்.

சில மாதம் கழித்து டாக்டர் மேடம் தாளை ஆண், பெண் என்று பிரித்துப் போடச் சொன்னார். ஆண்களின் அளவு தெளிவாகக் கூடுதலாக இருந்தது. தோல், ஹார்மோன், நரம்பின் கூர்மை என்று பேச்சு போனது. தவறில்லை. தோலில் பாயும் மின்சாரத்தைப் பெண்கள் சராசரியாகக் குறைந்த அளவிலேயே உணர்கிறார்கள் என்பது தெரிந்த விஷயம். ஆனால் அந்த எண்களைப் பார்த்தபோது எனக்குக் குரல்கள்தான் கேட்டன.

"கூட்டும்மா, ஒண்ணும் தெரியல." இதை எத்தனை ஆண்கள் சொல்லியிருப்பார்கள்! சொல்லும்போதே ஒருவருக்குக் கால் கட்டைவிரல் செருப்புக்குள் மடங்கியிருக்கும், இன்னொருவருக்குக் காது சிவந்திருக்கும். ஒரு சனிக்கிழமை நான் லீவு. அன்று பார்த்துக்கொண்டவர் ஆண் டெக்னீஷியன். என்னிடம் தினமும் கூட்டச் சொல்லும் ஒரு பெரியவர் அவரிடம் பாதி தூரத்திலேயே "போதும்பா" என்றிருக்கிறார். ஒரே ஆள், ஒரே காது, ஒரே மெஷின். பெண் ஒருவர் கேட்டால் ஆண்கள் வலியைக் குறைத்துச் சொல்கிறார்கள் என்று 1991இலேயே ஓர் ஆய்வுக் கட்டுரை வந்திருப்பதைப் பிறகு படித்தேன். எங்கள் தாளில் நோயாளி ஆணா பெண்ணா என்று ஒரு கட்டம் இருந்தது. மெஷினைத் திருகுபவர் யார் என்பதற்கு இல்லை.

பெண்கள் பக்கம் நடந்தது என் தவறு. சிலர் முதல் சுருக்கிலேயே "போதும் சிஸ்டர்" என்பார்கள். அது பரவாயில்லை. ஓர் அம்மா மூன்று நாளாக எவ்வளவு கூட்டினாலும் "பரவாயில்ல சிஸ்டர்" என்றே சொன்னார். நான்காம் நாள் கிளிப்பை எடுத்தால் குழியில் மிளகளவு கொப்புளம். "வலிச்சுதா, ஏன் சொல்லல?" என்றேன். "வைத்தியம்னா வலிக்கத்தானே செய்யும்" என்றார், என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. ஒரு வாரம் நிறுத்தி வைத்தோம். அதற்குப் பிறகு "வலிக்குதா" என்று கேட்பதை விட்டுவிட்டேன். பத்துக்கு எத்தனை என்று எண்ணாகக் கேட்பேன். வாயைவிட முகத்தைப் பார்ப்பேன்.

சோணையில் வேறு சிக்கல். வருஷக்கணக்கில் கனமான தோடு போட்டு ஓட்டை நீண்டிருக்கும். கிளிப் வழுக்கும், முனை சரியாகப் படியாது, மின்சாரம் ஊசியாய்க் குத்தும். அது போதாதென்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, "உங்களுக்கு எங்க வச்சாங்க? எனக்குத் தோடு போடுற எடத்துல" என்று ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்கள். ஆண்கள் பேப்பர் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். யாருக்கு எது என்று தெரியக்கூடாது என்ற ரகசியம் பெண்கள் பெஞ்சில் மட்டும் உடைந்துகொண்டிருந்தது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

உடம்பில் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. பெண்களுக்கு இதயம் சராசரியாகச் சற்று வேகமாகத் துடித்தாலும் அதன்மேல் வேகஸின் பிடி ஆண்களைவிடக் கூடுதல் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016இல் எழுதினார்கள். மனச்சோர்வுக்காகத் தலையில் காந்தத் தூண்டல் எடுத்துக்கொண்ட 5,010 பேரின் அமெரிக்கப் பதிவேட்டில் பெண்களுக்குப் பலன் கூடுதலாகத் தெரிந்தது. மாதவிடாய்ச் சுழற்சியோடு மூளைப் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, எவ்வளவு எளிதில் தூண்டப்படுகிறது என்பது ஏறி இறங்குவதையும் 1999இலேயே அளந்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் நாங்கள் சேரும் நாளில் கர்ப்பப் பரிசோதனை செய்ததோடு சரி, அப்புறம் தேதி கேட்டதே இல்லை. தாளின் ஓரத்தில் பென்சிலால் நானே ஒரு கட்டம் போட்டேன். மேடம் பார்த்துவிட்டு, "பேனாவாலேயே போடு" என்றார்.

கேட்பதுதான் பாடு. "கடைசியாத் தலைக்குக் குளிச்சது எப்போம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன். "இன்னைக்குக் காலையிலதான், வெள்ளிக்கிழமையாச்சே" என்று பதில் வந்தது. சிரித்துவிட்டு மறுபடி கேட்டேன்.

கொப்புளம் வந்த அம்மா ஆறியதும் திரும்பி வந்தார். பத்துக்கு எத்தனை என்றேன். வெகுநேரம் யோசித்து "ஆறு" என்றார். இறக்கினேன். "இப்போ?" "மூணு." அப்படியே நிறுத்தினேன். அரை மணி முடிந்து, கண்ணாடி பார்க்காமலே தோட்டைக் குத்தித் திருகாணியை முறுக்கிக்கொண்டே கேட்டார்:

"குறைச்சிட்டீங்களே சிஸ்டர், இது வேலை செய்யுமா?"