பூக்கட்டும் எல்க் முடியும்

போன வருஷம் ஒரு எக்செல் ஷீட் போட்டுப் பார்த்தேன், போட்டிருக்கவே கூடாது. ஃப்ளை கட்டுற சாமானுக்கு ரெண்டு வருஷத்துல நான் பண்ணின செலவு 640 டாலர். கட்டினதுல தண்ணியில போடுற லட்சணத்துல இருக்கிறதை மட்டும் எண்ணினா ஒரு 150 தேறும். கடையில ஒண்ணு மூணு டாலர்னு வாங்கியிருந்தா 450 டாலரோட சோலி முடிஞ்சிருக்கும். "வீட்லயே கட்டிக்கிட்டா காசு மிச்சம்"னு என் பொண்டாட்டிகிட்ட சொல்லித்தான் இதை ஆரம்பிச்சேன். அந்த ஷீட் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு அவளுக்குத் தெரியாது.

இது என்னன்னே தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ட்ரௌட் மீன் அதிகம் தின்றது ஆத்துல பிறந்து வளர்ற பூச்சிகளைத்தான். அந்தப் பூச்சி மாதிரியே ஒரு சின்ன தூண்டில் முள்ளு மேல இறகு, முடி, நூல், மெல்லிசு கம்பி எல்லாம் சுத்திக் கட்டினா அதுதான் ஃப்ளை. லேத் பட்டறையில இருக்குமே வைஸ், அதே மாதிரி ஒரு குட்டி வைஸ்ல முள்ளை இறுக்கி வச்சிட்டு, பாபின்ல இருந்து நூலை விட்டு சுத்திச் சுத்திக் கட்டணும். முள்ளு சைஸ் நம்பர் கூடக் கூட முள்ளு சின்னதாகும், 16ம் நம்பர்னா நம்ம சீரகத்தை விட கொஞ்சம் பெருசு, அவ்ளோதான்.

நான் இருக்கிறது ஓரிகன்ல ஹில்ஸ்பரோ. இங்கிருந்து ஹூட் மலையைத் தாண்டி ரெண்டு ரெண்டரை மணி நேரம் ஓட்டினா மாப்பின்னு ஒரு சின்ன ஊர், டெஷூட்ஸ் ஆத்தங்கரையில. மலைக்கு இந்தப் பக்கம் எப்பப் பார்த்தாலும் மழை, அந்தப் பக்கம் இறங்கினா அப்படியே காஞ்ச பூமி, கரட்டு மலை, எனக்கு சில இடத்துல திண்டுக்கல் பக்கம் போற மாதிரியே இருக்கும். ஆறு மட்டும் பச்சையா, வேகமா ஓடும். அங்க படகுல உக்காந்துட்டே தூண்டில் போடக் கூடாது, அது சட்டம், படகுல போனாலும் இறங்கி தண்ணியில நின்னுதான் போடணும். அடியில பாறை எல்லாம் பாசி, முதல் நாளே விழுந்து எந்திரிச்சேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். ரெண்டு வருஷமா வீடியோ பார்த்துக் கட்டிட்டு இருந்தும் எனக்கு எல்க் ஹேர் கேடிஸ்ங்கிற ஃப்ளை மட்டும் வரவே இல்ல. அல் ட்ராத்னு ஒருத்தர் 1957ல கட்டினது, கோடை சாயங்காலத்துல டெஷூட்ஸ்ல கேடிஸ் பூச்சி கிளம்புறப்ப இதை விட்டா வேற வேணாம்னு சொல்ற அளவுக்கு வேலை செய்யும். எல்க் மானோட முடி உள்ள காத்து அடைச்ச மாதிரி இருக்கிறதால நல்லா மிதக்கும், நூலை இறுக்கினா அப்படியே விசிறி மாதிரி விரியும். அதுலதான் பிரச்சினையே. நான் இறுக்கினா முடி விசிறி மாதிரி விரியாது, முள்ளைச் சுத்தி நாலா பக்கமும் போயி தென்னந்துடைப்பம் மாதிரி நிக்கும். இன்னொரு பிரச்சினை, கடைசியில முடிச்சு போடலாம்னு வந்தா முள்ளோட காதுகிட்ட இடமே இருக்காது, காதையே அடைச்சு கட்டியிருப்பேன். ஆத்துல போயி, இருட்டுற நேரத்துல, அந்தக் காதுக்குள்ள நூல் கோக்க முடியாம நான் திட்டின திட்டு எல்லாம் தமிழ்லங்கிறதால பக்கத்துல நின்ன வெள்ளைக்காரர் சிரிச்சுட்டுப் போயிட்டாரு.

அப்பத்தான் ஏப்ரல்ல அம்மா ஆறு மாசத்துக்கு வந்தாங்க. அம்மாவுக்கு ஊரு நிலக்கோட்டை. பூ மார்க்கெட்டுக்குப் பேர் போன ஊரு, சின்ன வயசுல பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி இத்தனை முழம் கட்டி வச்சிட்டுத்தான் போகணும்னு வீட்ல கணக்கு. இன்னைக்கும் டிவிய பார்த்துட்டே கட்டுவாங்க, கை பாட்டுக்கு ஓடும், கண்ணு சீரியல்ல இருக்கும்.

வந்த மறுநாளே என் டேபிள் பக்கம் வந்து நின்னாங்க. "என்னடா இது கோழி இறகு, முடி, செய்வினை வைக்கிறவன் வீடு மாதிரி இருக்கு?"ன்னாங்க. பதில் சொல்றதுக்குள்ள புழுக்கமா இருக்குன்னு டேபிள் ஃபேனை வேற போட்டு விட்டாங்க, மேராபூ இறகு ஒரு பாக்கெட் திறந்து கிடந்துச்சு. மேராபூ பத்தி தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், மூச்சு விட்டாலே பறக்கும். மேராபூங்கிறது ஒரு நாரையோட பேர், ஆனா இப்ப வர்றது எல்லாம் வான்கோழியோட குஞ்சிறகு. கறுப்பு, ஊதா, ஆரஞ்சுன்னு வீடு பூரா. மூணு நாள் கழிச்சு பூஜை ரூம்ல முருகன் படத்து மேல ஒரு ஊதா இறகு இருந்துச்சு, "அவருக்கு மயிலே போதும்டா"ன்னு எடுத்துக் கொடுத்தாங்க.

மயில்னு சொன்னதும் ஞாபகம் வருது, மயில் பீலி இல்லாம ஃப்ளை உலகமே இல்ல. பாதி ஃப்ளைக்கு உடம்பு அந்தப் பீலிதான், அந்தப் பச்சையும் தாமிரமும் கலந்த மினுக்கு வேற எதுலயும் வராது, ஆனா மீன் பல்லுல பட்டா பட்டுனு அறுந்துரும், அதனால மெல்லிசு கம்பியைக் குறுக்கால சுத்தணும். ஆசைப்பட்டு பார்க்குல கிடக்கிற இறகை எடுத்துட்டு வந்து கட்டிறாதீங்க. என் பொண்ணு ஒரு நாள் ஏரிக்கரையில கொக்கு இறகு பொறுக்கிட்டு வந்தா, இங்க 1918லயே போட்ட ஒரு சட்டம் இருக்கு, காட்டுப் பறவை பலதுக்கு, கீழ விழுந்த இறகா இருந்தாலும் வச்சுக்கக் கூடாது. திரும்ப அங்கயே போட வச்சேன், அழுதா.

அம்மா விஷயம். ஒரு சனிக்கிழமை பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து நான் எல்க் முடி கட்டுறதை பத்து நிமிஷம் பார்த்தாங்க, ஒண்ணும் பேசல. அப்புறம், "நூல் இறுகுறதுக்குள்ள விரலை எடுத்துடுற"ன்னாங்க.

"இல்லம்மா, பிடிச்சுட்டுத்தான் இருக்கேன்."

"எங்க பிடிச்ச? மொட்டு காம்பை விட்டுட்டா பூ திரும்பிக்கும்ல, அதேதான். ரெண்டு சுத்து தளர்வா போட்டுக்க, அப்புறம் இழு, இழுத்து முடிக்கிற வரைக்கும் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் அங்கயே இருக்கணும். அது ஏன் இவ்ளோ முடி? ஒரு கண்ணிக்கு ரெண்டு மொட்டு வைக்கிற இடத்துல நீ எட்டு வைக்கிற."

இது அத்தனையும் வீடியோல சொல்றதுதான், இல்லைங்கல. ஆனா அதுல பெரிய திரையில அவங்க விரல்தான் தெரியும், நம்ம விரல் என்ன பண்ணுதுன்னு யாரு பார்க்கிறா? முடியைப் பாதியா குறைச்சேன், அடியில இருக்கிற பஞ்சு மாதிரி குட்டி முடியை சீப்பு வச்சு வாரி எடுத்தேன் (இதையும் நான் சோம்பேறித்தனத்துல விட்டுட்டு இருந்தேன், அது உள்ள இருந்தா நூல் வழுக்கும்), ஸ்டாக்கர்னு ஒரு குட்டிக் குழாய்ல போட்டுத் தட்டி நுனியை ஒண்ணா ஆக்கி, விரலை எடுக்காம இழுத்தேன். விரிஞ்சுச்சு. முதுகு மேல மட்டும், கூரை மாதிரி. நான் பாட்டுக்கு "ஆஹா"ன்னு கத்திட்டேன், அம்மா "ம்"னாங்க, அடுப்புல குழம்பு இருக்குன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

அதுக்கப்புறம் அவங்களே ஒரு வாரத்துல உக்காந்துட்டாங்க. கடைசி முடிச்சுக்கு விப் ஃபினிஷர்னு ஒரு கருவி இருக்கு, வளைஞ்ச கம்பி, அதைப் பழகவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு. அம்மா அதை எடுத்து திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு கீழ வச்சுட்டாங்க. ரெண்டு விரல்ல நூலை ஒரு முறுக்கு முறுக்கி கண்ணி போட்டு காது வழியா மாட்டி இழுத்தாங்க, பூவுக்குப் போடுற அதே முடிச்சு. அதை ஹாஃப் ஹிட்ச்னு சொல்வாங்க, மூணு போட்டா அவிழாது, மேல ஒரு பொட்டு நெயில் பாலிஷ். காதுகிட்ட இடம் விடுற விஷயத்துக்கு அவங்க சொன்னது, "முதல்லயே காதுக்குப் பின்னாடி ஒரு காது அளவு வெறும் முள்ளா விட்டுடு, அந்தப் பக்கம் நூலே போகக் கூடாது. முழத்துக்கு நுனியில வெறும் நூல் விடாம யாராவது கட்டுவாங்களா, அப்புறம் எங்க முடிவ?"

நூலோட முறுக்கு பத்தியும் அவங்களுக்குத் தானா புரிஞ்சது எனக்கு ஆச்சரியம். பாபினை மேல இருந்து பார்க்கிறப்ப இடப்பக்கமா சுழல விட்டா நூல் பிரிஞ்சு பட்டையாகும், வலப்பக்கம் விட்டா முறுக்கேறி கயிறாகும். உடம்புக்குப் பட்டை நூல், இல்லைன்னா மேடு பள்ளமா வரும். வாழைநாரைத் தண்ணியில நனைச்சு நகத்தால மெல்லிசா கிழிச்சுக் கட்டின கைக்கு இதெல்லாம் பாடமே இல்ல.

ஃபெசன்ட் டெயில் நிம்ஃப்னு இன்னொரு ஃப்ளை கட்டுறப்ப அதோட கதை சொன்னேன். இங்கிலாந்துல ஏவான் ஆத்துல காவக்காரரா இருந்த ஃப்ராங்க் சாயர் கண்டுபிடிச்சது, அவர் நூலே எடுக்கல, மெல்லிசு செம்புக் கம்பியையே நூலாவும் கனமாவும் வச்சு, கூட ஃபெசன்ட்ங்கிற பறவையோட வால் இறகு மட்டும், முடிஞ்சது கதை. "சாமான் ரெண்டுதானா? கெட்டிக்காரன். நீ என்னடான்னா அலமாரி நிறைய வாங்கி வச்சிருக்க"ன்னாங்க. அந்த எக்செல் ஷீட் இவங்க கையில கிடைக்காம இருக்கணும்னு அன்னைக்கு வேண்டிக்கிட்டேன்.

அலமாரியில பாதிக் காசு சேவல் கழுத்துத் தோல்தான். ஃப்ளைக்குன்னே தலைமுறை தலைமுறையா பொறுக்கி வளர்த்த சேவல் அது, நம்ம ஓரிகன்ல வாரன்டன்ல ஹென்றி ஹாஃப்மன்னு ஒருத்தர் வளர்த்த வம்சம், 1989ல கொலராடோவுல டாம் வைட்டிங் வாங்கிட்டுப் போயி பெருசாக்கினாரு. 2011ல இதே இறகை பொண்ணுங்க தலைமுடியில வச்சுக்கிறது ஃபேஷனாகி, மீன்பிடிக் கடைகள்ல எல்லாம் காலியாம், சலூன்காரங்க வந்து அள்ளிட்டுப் போயிட்டாங்களாம். பூ வைக்கிற இடத்துல சேவல் இறகு. அம்மா நம்பவே இல்ல.

ஆனா ஒரு இறகை மட்டும் பார்த்த உடனே கண்டுபிடிச்சாங்க. ஸ்டீல்ஹெட்ங்கிற மீனுக்குக் கட்டுற ஃப்ளைக்கு கன்னத்துல வைக்கிற ஜங்கிள் காக், மெழுகு சொட்டு விட்ட மாதிரி வெள்ளையும் மஞ்சளுமா புள்ளி இருக்கும். "இது சிறுமலைக் காட்டுக்கோழில்ல?" ஆமா, அதேதான், நம்ம ஊர் சாம்பல் காட்டுக்கோழி. இந்தியாவுல இருந்து இப்ப அனுப்பக் கூடாது, வெளிநாட்டுல பண்ணையில வளர்த்துத்தான் விக்கிறாங்க, முழு கழுத்துத் தோல் நூறு டாலருக்கு மேல. சேவல் கூவுறதை மலையடிவாரத்துல தினம் கேட்டவங்ககிட்ட விலையைச் சொன்னா அடிதான் விழும்னு சொல்லல.

ஸ்டீல்ஹெட் வேற ஒண்ணும் இல்ல, ரெயின்போ ட்ரௌட்தான், ஆனா கடலுக்குப் போயி வளர்ந்து பெருத்து பிறந்த ஆத்துக்கே திரும்புற ஜாதி. ஆத்துக்கு வந்தப்புறம் பெருசா எதையும் தின்னாது, அதனால பூச்சி மாதிரி கட்டணும்னு கட்டாயம் இல்ல, அதைச் சீண்டினா போதும். நான் கட்டுறது க்ரீன் பட் ஸ்கங்க். சிவப்பு வால், பச்சை இடுப்பு, கறுப்பு உடம்பு, அதுல வெள்ளிச் சரிகை, கழுத்துல கறுப்பு இறகு, மேல வெள்ளை முடி. "திருவிழா மாதிரி இருக்கு"ன்னு அம்மாவுக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. இதுலயும் கொஞ்சமா கட்டினாத்தான் சரியா மூழ்கி ஓட்டத்துல குறுக்கால வீசிட்டுப் போகும், நான் கட்டினா காலிஃப்ளவர் மாதிரி இருக்கும்.

"பிடிச்சா என்ன பண்ணுவ?"

"விட்ருவேன்."

"விட்ருவியா? எதுக்குடா அப்ப?"

காட்டு ஸ்டீல்ஹெட்டை விட்டுத்தான் ஆகணும், பண்ணையில பிறந்ததுக்கு மட்டும் வாலுக்கு முன்னாடி முதுகுல இருக்கிற குட்டித் துடுப்பை வெட்டி விட்டிருப்பாங்க, அதை வேணா எடுத்துக்கலாம்னு விளக்கினேன். 2021ல மீன் வரத்து அவ்ளோ குறைஞ்சு டெஷூட்ஸ்ல ஸ்டீல்ஹெட் சீசனையே மூடிட்டாங்கன்னும் சொன்னேன். கேட்டுட்டு, "அப்ப முள்ளுல அந்தக் கொக்கியை நசுக்கிடு, பாவம், வாய் கிழியும்"னாங்க. ப்ளையர்ஸ்ல பார்பை நசுக்குறது நான் ஏற்கெனவே பண்றதுதான், ஆனா அதுக்கப்புறம் ஒவ்வொண்ணையும் அவங்களே தடவிப் பார்ப்பாங்க.

மூணு வருஷத்துல எனக்கு மாட்டின ஸ்டீல்ஹெட் ஒண்ணே ஒண்ணு, அதுவும் கடையில வாங்கின ஃப்ளைல. கேடிஸ்ல ட்ரௌட் மட்டும் இந்தக் கோடையில நல்லா வந்துச்சு, ஒரு சாயங்காலம் ஆறு.

அம்மா அக்டோபர்ல கிளம்புறதுக்கு முன்னாடி க்ரீன் பட் ஸ்கங்க் நாலு கட்டிக் கொடுத்தாங்க, ஒண்ணுல மட்டும் காட்டுக்கோழி இறகு ரெண்டு பக்கமும். நான் கட்டினது எதுவும் அதுகிட்ட நிக்க முடியாது. அடுத்த வாரமே மாப்பின் போனேன், வெயில் தண்ணியில விழறதுக்கு முன்னாடி, அதைத்தான் முதல்ல மாட்டினேன். முதல் வீச்சு. பின்னாடி ஆல்டர் மரம் இருக்கிறதைப் பார்க்கல. ஏறவும் முடியாது, கிளை தண்ணிக்கு மேல, இழுத்தேன், நூல் அறுந்துச்சு, அது அங்கயே திருவிழா மாதிரி தொங்கிட்டு இருக்கு.

ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல அம்மா கேப்பாங்க, அந்தக் காட்டுக்கோழி வச்சது என்னாச்சுன்னு. டப்பாவுல பத்திரமா இருக்கும்மான்னு சொல்லிட்டு இருக்கேன்.