ஊருக்கொரு பத்திரிகை

1988 ஆம் ஆண்டு கார்த்திகை மாதக் கடைசியில், நோர்வேயின் வடகிழக்குக் கரையிலுள்ள பின்மார்க் மாகாணத்தின் சின்ன மீன்பிடி ஊர் ஒன்றுக்கு நான் வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். சூரியன் அதற்கு முன்னரே மறைந்துவிட்டிருந்தது. இனித் தை மாத நடுப்பகுதியில்தான் முகம் காட்டும் என்றார்கள். மீன் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் நீண்ட மேசையொன்று இருந்தது. அதன்மேல் கோப்பிக் குடுவைகளுக்கும் பாண் துண்டுகளுக்கும் நடுவே எப்போதும் ஒரு பத்திரிகை கிடக்கும். இடைவேளை மணி அடித்ததும் அதன் தாள்கள் ஆளுக்கொன்றாகப் பிரிந்து மேசையைச் சுற்றி வரும். கையுறை கழற்றிய ஈர விரல்களின் தடமும் மீன் வாடையும் அவற்றில் ஏறியிருக்கும். முதலில் எல்லோரும் பேசாமல் வாசிப்பார்கள். பிறகு யாரோ ஒருவர் ஒரு பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டுவார். உடனே மேசை முழுவதும் பேச்சாகிவிடும். அந்தப் பேச்சுக்குள் நுழைய வழியில்லாமல் உட்கார்ந்திருந்த மாதங்களில்தான், இந்த ஊருக்குள் போவதற்கான வாசல் அந்தத் தாளில் இருக்கிறது என்று எனக்குப் படத் தொடங்கியது.

எங்களுக்குச் சில வருடங்கள் முன்னதாக, மக்கள் உயர்பள்ளி ஒன்றில் படிப்பதற்கென்று வந்து பின்னர் வடக்கிலேயே தங்கிவிட்ட அண்ணை ஒருவர் எங்களோடு வேலை செய்தார். அகராதியை வைத்துக்கொண்டு முதற்பக்கத் தலைப்புச் செய்தியோடு நான் படும் பாட்டைச் சில நாட்கள் பார்த்துவிட்டு, ஒருநாள் அருகில் வந்து சொன்னார்: “தம்பி, முன்பக்கத்தோடை மாரடிக்காதையும். பின்னாலை திருப்பி மரண அறிவித்தலை வாசியும். வசனம் எல்லாம் ஒண்டுதான், பேர்தான் மாறும்.”

அது நூற்றுக்கு நூறு உண்மையாக இருந்தது. சிறிய கட்டம், மேலே ஒரு சிலுவை, அல்லது ஒரு பறவை, ஒரு படகு, ஒரு பூ, அதன் கீழே “எங்கள் அன்புக்குரிய” என்று தொடங்கி, பெயர், பிறந்த நாள், “அமைதியாகக் கண்ணயர்ந்தார்” என்ற வரி, ஊர், திகதி. அதற்கும் கீழே மனைவி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் என்று வரிசையாகப் பெயர்கள். வீரகேசரியின் மரண அறிவித்தற் பக்கத்தைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்த எனக்கு, மொழி தெரியாவிட்டாலும் எந்தச் சொல் எந்த உறவுக்கு உரியது என்பதை இடத்தை வைத்தே ஊகிக்க முடிந்தது. நோர்வேஜிய மொழியின் உறவுச் சொற்கள் அத்தனையையும் நான் கற்றது அந்தக் கட்டங்களுக்குள்ளேதான். ஒரு மாதத்துக்குள் மேசையில் இருந்தவர்களில் யார் யாருடைய மருமகள், யார் யாருடைய மைத்துனன் என்பதுகூட ஓரளவு பிடிபட்டுவிட்டது.

அங்கிருந்து மெல்லப் பக்கங்களை முன்னோக்கிப் புரட்டினேன். எந்தப் படகு எத்தனை தொன் கொட் மீன் இறக்கியது, நகரசபை எந்தப் பள்ளிக்கூடத்தை மூட யோசிக்கிறது, யாருக்கு ஐம்பதாவது பிறந்தநாள், கால்பந்துக் கழகம் ஏன் தோற்றது, மலைப்பாதை பனியால் எந்த மணிக்கு மூடப்பட்டது: இவைதான் செய்திகள். ஒக்டோபரில் வரிப்பட்டியல் வெளியாகும்போது ஊரில் அதிகம் உழைத்தவர்களின் பெயர்களும் தொகைகளும் அச்சாகும். அன்று தொழிற்சாலை முதலாளியின் வருமானத்தை மீன் வெட்டுபவர்கள் எல்லோரும் வாசிப்பார்கள். தலைநகரான ஒஸ்லோவிலிருந்து வரும் வே.கே., டாக்பிளாட, ஆப்தன்போஸ்தன் ஆகிய நாளிதழ்கள் விமானத்தில் வந்து பிற்பகலில்தான் கடைக்கு வரும். காற்றும் பனியும் கூடிய நாட்களில் வரவே வராது. அதை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தியதாக எனக்கு நினைவில்லை. வட்டாரப் பத்திரிகை வராத நாளில்தான் அந்த மேசை ஏதோ குறைந்ததுபோல் இருந்தது.

அப்போது நோர்வேயின் மொத்தச் சனத்தொகை ஏறக்குறைய 42 இலட்சம். இத்தனை சிறிய சனத்தொகைக்கு இருநூறுக்குக் குறையாத பத்திரிகைகள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்ற கேள்விக்கு விடை தேடியபோதுதான் இந்த நாட்டின் வரலாறு எனக்குத் திறந்தது. நோர்வேயில் இன்றும் வெளிவரும் மிகப் பழைய பத்திரிகை துரொண்ட்ஹைம் நகரின் அத்ரெஸ்ஸஅவீசன். அது 1767 இல் தொடங்கியது. ஆப்தன்போஸ்தன் 1860 இல் வந்தது, வே.கே.யை 1945 இல், நாசி ஆக்கிரமிப்பு முடிந்தவுடன், எதிர்ப்பியக்கத்தைச் சேர்ந்தவர்கள் தொடங்கினார்கள். மேற்குக் கரையில் பேர்கன்ஸ் தீதெண்ட, ஸ்தவாங்கர் ஆப்தன்பிளாட், வடக்கில் துரொம்சோவின் நூர்லீஸ் என்று ஒவ்வொரு பெருநகரமும் தனக்கென ஒரு குரலை வளர்த்துக்கொண்டது. முற்காலத்தில் ஒவ்வொரு நகரத்திலும் இரண்டு மூன்று பத்திரிகைகள் இருந்தன. ஒன்று தொழிலாளர் கட்சியைச் சார்ந்தது, மற்றொன்று வலதுசாரிகளுடையது, இன்னொன்று தாராளவாதிகளுடையது. ஒரு வீட்டுக்கு எந்தப் பத்திரிகை வருகிறது என்பதை வைத்து அந்த வீட்டின் வாக்கைச் சொல்லிவிடலாம் என்று முதியவர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் நகரத்தின் இரண்டாவது பத்திரிகைகள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கின. விளம்பரமெல்லாம் பெரிய பத்திரிகைக்கே போய்ச் சேர்ந்ததால், சிறியது நலிந்தது. அந்த நிலையில்தான் 1969 இல் அரசு பத்திரிகைகளுக்கான உதவித்தொகையைக் கொண்டுவந்தது. நகரத்தின் முதலாவது பத்திரிகைக்கு அல்ல, அதனோடு போட்டியிட்டுத் திணறும் இரண்டாவது பத்திரிகைக்கும், விளம்பர வருவாய் போதாத சிற்றூர்ப் பத்திரிகைகளுக்கும்தான் அந்தப் பணத்தின் பெரும்பங்கு போகிறது. இடதுசாரிகளின் கிளாஸகம்பனும் கிறிஸ்தவர்களின் வோர்ட் லாண்டும் ஒரே நிதியிலிருந்து உதவி பெறுகின்றன. அரசைத் திட்டி எழுதும் பத்திரிகைக்கும் அரசே பணம் கொடுக்கிறது என்பதை முதலில் கேட்டபோது என்னால் நம்பவே முடியவில்லை. 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தைக் கொளுத்திய அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் அலுவலகத்தையும் கொளுத்தியதைப் பார்த்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். 1959 இல் தொடங்கிய ஈழநாடு, கொழும்பிலிருந்து வரும் பத்திரிகைகளில் எங்கள் ஊர்ச் செய்திக்கு இடமில்லை என்ற குறையைத் தீர்க்க யாழ்ப்பாணத்திலேயே அச்சாகிய பத்திரிகை. எங்கள் வாசிகசாலையின் வாங்கில் காலையில் முதலில் பறிபோவது அதுதான். ஒரு வட்டாரத்துக்குத் தன் முகத்தைத் தானே பார்க்க ஒரு பத்திரிகை வேண்டும் என்பதை யாரும் எனக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதைச் சட்டம் போட்டுக் காப்பாற்றும் ஒரு நாட்டைத்தான் நான் அதற்கு முன் கண்டதில்லை.

இந்தக் காப்பு மொழிக்கும் உண்டு. நோர்வேஜிய மொழிக்கு பூக்மோல், நீநோர்ஸ்க் என இரண்டு எழுத்து வடிவங்கள் இருக்கின்றன. சிறுபான்மையினர் எழுதும் நீநோர்ஸ்க்கில் மலைப் பள்ளத்தாக்குகளின் பல பத்திரிகைகள் முழுமையாக வெளிவருகின்றன. டாக் ஓ தீட் என்ற வார இதழ் 1962 முதல் அதே வடிவத்தில் நாடு முழுவதற்கும் போகிறது. பின்மார்க்கின் உட்பகுதியில், வடக்கின் பழங்குடிகளான சாமி மக்கள் வாழ்கிறார்கள். தங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சொந்த மொழியைப் பேச விடாமல் தடுக்கப்பட்ட காலத்தைக் கடந்து வந்தவர்கள் அவர்கள். வட சாமி மொழியில் இருந்த இரண்டு பத்திரிகைகள் 2008 இல் ஒன்றிணைந்து ஆவ்வீர் என்ற நாளிதழாயின. சாகத் என்ற சாமிப் பத்திரிகை நோர்வேஜிய மொழியில் வெளிவருகிறது. ஒருமுறை கராஷொக் என்ற ஊரின் கடையொன்றில் சாமி மொழிப் பத்திரிகையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆயினும் அதைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

எங்களுடைய வாசிப்புக்கும் ஒரு பத்திரிகை இருந்தது என்பதை நன்றியோடு சொல்லவேண்டும். 1990 இல் தொடங்கிய கிளார் தால, ‘தெளிவான பேச்சு’ என்று பொருள்படும் பெயருக்கு ஏற்றபடி, எளிய சொற்களில் சின்னச் சின்ன வாக்கியங்களில் வாரச் செய்திகளைத் தந்தது. வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்கும் மொழியைப் புதிதாகக் கற்பவர்களுக்கும் ஆனது அது. எங்கள் மாலை நேர மொழி வகுப்பில் ஆசிரியை அதைத்தான் பாடப்புத்தகமாக வைத்திருந்தார். வளைகுடாப் போரை நான் அதில்தான் வாசித்தேன்.

கசப்பான ஓர் அனுபவமும் உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எங்கள் விடுதியில் இருவருக்கிடையே நடந்த கைகலப்பை, ‘தமிழரிடையே அமைதியின்மை’ என்ற தொனியில் ஒரு பத்திரிகை தலைப்பிட்டு எழுதிவிட்டது. மறுநாள் சாப்பாட்டு மேசையில் யாரும் அந்தப் பக்கத்தைத் தொட்டுக் காட்டவில்லை. அந்த மௌனம்தான் எங்களைச் சுட்டது. மீன் வெட்டும் வரிசையில் எனக்கு எதிரே நின்று வேலை செய்த மூதாட்டி, கத்தியைத் தீட்டிக்கொண்டே, “எழுது. வாசகர் பக்கம் எதற்கு இருக்கிறது?” என்று கேட்டார். அண்ணையும் நானும் மூன்று இரவுகள் இருந்து ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். அந்த மூதாட்டி எழுத்துப் பிழைகளைத் திருத்தினாரேயன்றி ஒரு கருத்தையும் மாற்றவில்லை. ஒரு வாரத்துக்குள் அக்கடிதம் வெட்டுப்படாமல் அச்சாகியது. இரண்டு பெயர்களும் சரியான எழுத்துக்களோடு கீழே இருந்தன. தவறாக எழுதப்பட்டவர் முறையிடுவதற்குப் பத்திரிகைத் துறையே நடத்தும் ஒழுக்கக்குழு ஒன்று இருக்கிறது என்றும், 1936 இலிருந்தே எழுதிவைத்த நெறிக்கோவை ஒன்று இருக்கிறது என்றும் பின்னர் அறிந்துகொண்டோம். எங்களுக்கு அதுவரை போகத் தேவைப்படவில்லை. அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து கடையில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

வடக்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலை குறைந்தபோது, மற்றப் பல தமிழ்க் குடும்பங்களைப்போல் நாங்களும் ஒஸ்லோவுக்கு இடம்பெயர்ந்தோம். குரூருட் பள்ளத்தாக்கில் வீடு எடுத்தோம். பகல் வேலைக்கு முன்னர் பத்திரிகை போடும் வேலையையும் ஏற்றுக்கொண்டேன். அதிகாலை மூன்று மணிக்குக் கட்டுகள் தெருமுனையில் வந்து இறங்கியிருக்கும். நெகிழிப் பட்டியை வெட்டி, வண்டிலில் அடுக்கி, திறப்புக் கோர்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு புறப்பட்டால் காலை ஆறு மணிக்குள் எல்லா வாசல்களுக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்பது மாடிக் கட்டடத்தில் மேலே மின்தூக்கியில் போய்ப் படிவழியே இறங்கி வருவேன். எந்தக் கதவுக்கு எது என்பது சில வாரங்களில் காலுக்கே தெரிந்துவிட்டது. எட்டாம் மாடியில் ஆப்தன்போஸ்தன், ஏழில் தொழிலாளர் இயக்கத்தின் மரபில் வந்த டாக்ஸ்அவீசன், ஐந்தாம் மாடியின் ஒரு கதவுக்குக் கிளாஸகம்பன், அதற்கு நேரெதிர்க் கதவுக்கு வோர்ட் லாண்ட், மூன்றாம் மாடியில் வணிகர்களின் டாகன்ஸ் நேரிங்ஸ்லீவ், கிராமத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு முதியவருக்கு விவசாயிகளின் நஷூனன். பள்ளத்தாக்குக்கென்று 1928 இலிருந்து வெளிவரும் ஆக்கர்ஸ் அவீஸ் மாத்திரம் பல மாடிகளுக்குப் பொதுவாக இருந்தது. முகம் காணாத மனிதர்களை நான் அவர்களுடைய பத்திரிகையால் அறிந்திருந்தேன். ஒரு கதவுக்கு வரும் பத்திரிகை திடீரென்று நின்றால், அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்ற கவலை இரண்டு மாடி இறங்கும்வரை கூடவே வரும். சனிக்கிழமைக் கட்டுகள் இரண்டு மடங்கு பாரம். இங்கே வார இறுதி வாசிப்புக்கான தடித்த பத்திரிகை சனிக்கிழமையில்தான் வருகிறது. வேலை முடிந்து வீடு திரும்பும்போது விரல்கள் மையினால் கறுத்திருக்கும். மிஞ்சிய பிரதியொன்றை மேசையில் விரித்து வைப்பேன். பிள்ளைகள் சித்திரக்கதைப் பட்டையை வாசித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவார்கள்.

இன்று அந்தக் கட்டடத்தில் தாளில் வாசிப்பவர்கள் மிகக் குறைவு. ஊர்ப் பத்திரிகைகள் பலவும் ஆமேடியா, போலாரிஸ் போன்ற சில பெருங்குழுமங்களின் கைக்குள் வந்துவிட்டன. 2020 முதல் தபாற்காரர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறார். அதனால் வடக்கின் சிற்றூர்களுக்குத் தாளில் செய்தி போய்ச் சேர்வது இன்னும் கடினமாகிவிட்டது. ஆயினும் இணையத்தில் சந்தா கட்டி ஊர்ப் பத்திரிகையை வாசிப்பவர்கள் இங்கே ஏராளமாக இருக்கிறார்கள். என் மகள் தன் கைப்பேசியில் இரண்டு பத்திரிகைகளுக்குப் பணம் கட்டுகிறாள்; அவற்றில் ஒன்று எங்கள் பள்ளத்தாக்குப் பத்திரிகை. அதில் எங்கள் பகுதி நூலகத்தின் திறப்பு நேரத்தைக் குறைக்கும் யோசனை வந்தபோது, எனக்குச் சொல்லாமலே வாசகர் கடிதம் எழுதியிருந்தாள்.

நான் இன்னும் அந்த வடக்கு ஊரின் பத்திரிகைக்குச் சந்தாதாரன். தபாலில் தாமதமாகத்தான் வரும். சென்ற மாசியில் வந்த ஒன்றை வழக்கப்படி பின்பக்கத்திலிருந்து திருப்பினேன். கட்டத்தின் மேலே ஒரு படகு. கீழே, எனக்கு எதிரே நின்று மீன் வெட்டிய அந்த மூதாட்டியின் பெயர்; “அமைதியாகக் கண்ணயர்ந்தார்” என்ற அதே வரி; பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள். பேர்கனில் இருக்கும் அண்ணைக்கு உடனே தொலைபேசி எடுத்து, பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். இப்படி இறந்தவர்களை அறிந்தவர்கள் எழுதும் நினைவுரைக்கு இங்குள்ள பத்திரிகைகளில் தனி இடமுண்டு. அன்றிரவு இருவரும் தொலைபேசியிலேயே இருந்து இரண்டு பந்திகள் எழுதினோம். வாசகர் பக்கத்துக்கு எழுதும்படி அவர் சொன்னதையும் அதில் சேர்த்தோம். அடுத்த வாரம் அது வந்தது. இந்த முறை பிழை திருத்த யாரும் இருக்கவில்லை. ஓர் இடத்தில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது.