வேண்டுமென்றே எழுதிய தப்பு

மூன்று மாதம் பதினைந்து நாள். காரைக்குடியில் ஒரு நகைக்கடன் கடையின் கவுண்டரில் நின்றபடி ஓர் ஆச்சி விரல் மடக்கிப் போட்ட கணக்கு. கடன் இருபதாயிரம், நூற்றுக்கு ஒன்றரை வட்டி. மாதத்துக்கு 300. பதினைந்து நாள் வரைக்கும் அரை மாத வட்டி, அதைத் தாண்டினால் முழு மாத வட்டி என்பது அந்தக் கடையின் வழக்கம். ஆக 1,050 ரூபாய். கம்ப்யூட்டர் அடித்துக் கொடுத்த சீட்டில் 1,200 என்று இருந்தது.

"தம்பி, பதினஞ்சை பதினாறுன்னு எண்ணுதா உங்க மெஷினு?"

அந்த மென்பொருளைச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவன் நான்தான். வேறு வேலையாக அன்று கடைக்குப் போயிருந்தேன். ஆச்சியிடம் மன்னிப்புக் கேட்டு, கடைக்காரர் 150 ரூபாயைக் குறைத்துக்கொண்ட பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. அதே பதினைந்தாம் நாளில் நகையை மீட்டு, கணக்குப் பார்க்காமல் போனவர்கள் எத்தனை பேர்?

நிரலைத் திறந்தால் '15-ஐ விடக் குறைவு' என்று எழுதியிருந்தது. '15 அல்லது அதற்குக் குறைவு' என்று இருந்திருக்க வேண்டும். விடுபட்டது ஒரே ஒரு சமக்குறி. டெஸ்டுகள் நிரலின் எந்தெந்த வரிகளை ஓட்டின என்று காட்டுவது கவரேஜ் அறிக்கை; ஓடிய வரி பச்சையாக இருக்கும். எங்கள் அறிக்கையில் அந்த வரி பச்சையாகவே இருந்தது. பத்தாம் நாளுக்கு ஒரு டெஸ்ட், இருபதாம் நாளுக்கு ஒரு டெஸ்ட் இருந்தன. இரண்டு பக்கமும் ஓடின. பதினைந்தாம் நாளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மற்ற டெஸ்டுகளைப் பார்த்தபோது இன்னும் வலித்தது. பலவற்றில் அசர்ட்டே இல்லை. ஃபங்ஷனைக் கூப்பிடும், வரிகள் ஓடும், வந்த விடை சரியா என்று பார்க்காது. கவரேஜ் 90 சதவீதம் வேண்டும் என்று கெடு வைத்திருந்தோம்; பையன்கள் அந்த எண்ணைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் கேட்டதே எண்ணைத்தான்.

பிறகுதான் இதைப் பற்றி முறையாகப் படிக்கத் தொடங்கினேன். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் லாரா இனோசெம்ட்சேவாவும் ரீட் ஹோம்ஸும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஐந்து பெரிய ஜாவா மென்பொருள்களுக்கு 31,000 டெஸ்ட் தொகுப்புகளை உருவாக்கிப் பார்த்திருக்கிறார்கள். தொகுப்பின் அளவைச் சமமாக வைத்துக்கொண்டால், கவரேஜுக்கும் தவறைப் பிடிக்கும் திறனுக்கும் உள்ள தொடர்பு பலமானதாக இல்லை. எந்த வரி சோதிக்கப்படவே இல்லை என்று காட்டக் கவரேஜ் உதவும். சோதித்த வரி நன்றாகச் சோதிக்கப்பட்டதா என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது.

அந்தத் திறனை அவர்கள் எப்படி அளந்தார்கள் என்று படித்தபோது, கண்டனூர் வீட்டுப் பட்டாலையில் கணக்குப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த எங்கள் ஐயா நினைவுக்கு வந்தார். சின்ன வயதில் பினாங்கு வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடிப் பையனாகக் கப்பலேறி, மேலாளருக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக இருந்து திரும்பியவர். பள்ளி விடுமுறையில் ஒரு பக்கம் பற்று வரவு எழுதிக் கொடுத்து, "சரியான்னு பாரு" என்பார். வேண்டுமென்றே ஓர் இலக்கத்தை மாற்றி வைத்திருப்பார். சில நாள் ஓரிடத்தில் நாற்பதைக் கூட்டி, இன்னோரிடத்தில் நாற்பதைக் குறைத்திருப்பார். கூட்டுத்தொகை சரியாக வரும், நான் ஏமாந்துபோவேன். விடுமுறை முடியும்போது, "பத்துத் தப்பு வச்சேன், ஏழு பிடிச்சிருக்கே" என்பார். அவர் அளந்தது என் பார்வையை.

அந்த ஆய்வில் அவர்கள் அளக்கப் பயன்படுத்திய மியூட்டேஷன் டெஸ்டிங் செய்வதும் இதைத்தான். ரிச்சர்ட் லிப்டன் மாணவராக இருந்தபோதே 1971-இல் தோன்றிய யோசனை. 1978-இல் டிமிலோ, லிப்டன், சேவர்ட் மூவரும் விரிவாக எழுதினார்கள். ஓடும் நிரலில் சின்னச் சின்ன மாற்றம் செய்ய வேண்டும்: குறைவு என்பதைக் 'குறைவு அல்லது சமம்' ஆக்குவது, கூட்டலைக் கழித்தல் ஆக்குவது. மாற்றிய ஒவ்வொரு பிரதியும் ஒரு மியூட்டண்ட். டெஸ்ட் அதைப் பிடித்தால் அது செத்தது, பிடிக்காவிட்டால் தப்பியது. நிரல் எழுதுபவர் பெரும்பாலும் சரிக்குப் பக்கத்தில்தான் எழுதுகிறார், தவறு சின்னதாகத்தான் இருக்கும் என்பது இதன் அடிப்படை. எங்கள் சமக்குறியை நினைத்தால் அதை நம்பாமல் இருக்க முடியவில்லை.

வட்டிக் கணக்குப் பகுதியில், இப்படி மியூட்டண்டுகளைத் தானாக உருவாக்கிச் சோதிக்கும் பிட் என்ற கருவியை ஓட்டினோம். திருத்தாத பழைய நிரலில் அந்தப் பதினைந்தாம் நாள் வரி, தப்பியவற்றின் பட்டியலில் இருந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே ஓட்டியிருந்தால் ஆச்சி கவுண்டரில் வாதாட வேண்டி வந்திருக்காது.

இதற்குச் செலவு உண்டு. ஒவ்வொரு மியூட்டண்டுக்கும் டெஸ்டுகளை மறுபடி ஓட்ட வேண்டும். சில மாற்றங்கள் விடையையே மாற்றாது. அவற்றை எந்த டெஸ்டாலும் கொல்ல முடியாது. எல்லாவற்றையும் தானாகக் கண்டுபிடித்து ஒதுக்க வழியில்லை, ஆள்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கூகுளில் மறு ஆய்வுக்கு வரும் புதிய மாற்றங்களில் மட்டும், அதுவும் சில மியூட்டண்டுகளை மட்டுமே காட்டுகிறார்கள் என்று 2018-இல் எழுதியிருந்தார்கள். நாங்களும் அந்த வாரம் மாறிய வரிகளோடு நிறுத்திக்கொள்கிறோம். சதவீதக் கெடு எதுவும் வைக்கவில்லை. வைத்தால் இதுவும் பழைய கதைதான். தப்பியது ஒவ்வொன்றையும் எழுதியவரே எடுத்து வந்து, ஏன் தப்பியது என்று சொல்ல வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை, புதிதாகச் சேர்ந்த பெண், தப்பிய மியூட்டண்ட் ஒன்றைக் கொண்டுவந்தாள். சரியாக ஐம்பது பைசா வரும்போது அடுத்த ரூபாய்க்கு ஏற்றுவதா, விட்டுவிடுவதா? எப்படி மாற்றினாலும் எங்கள் டெஸ்டுகள் பேசாமல் இருக்கின்றன. நிரலைப் பார்த்து எங்களால் முடிவு சொல்ல முடியவில்லை. திங்கட்கிழமை கடைக்குப் போய்க் கேட்க வேண்டும். அவளையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.