நகத்தளவு பொட்டலம்

மதுரை பெரியார் பேருந்து நிலையத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தான் ஒரு பையன். சீருடை, தோளில் பை. பிளஸ் ஒன் இருக்கும்.

கீழுதடு ஒரு பக்கம் புடைத்திருந்தது. பல்வலி போல என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி, விரலால் எடுத்துச் சுண்டினான். நகத்தளவு வெள்ளைப் பொட்டலம். புதினா வாசனை.

"எப்ப இருந்துப்பா?"

"எட்டாவதுல இருந்துண்ணே."

புகையிலைதான். ஆனால் புகை இல்லை, வீட்டுக்கும் தெரிவதில்லை.

18 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது, பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பனையே கூடாது என்று 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. இவனுக்கு எட்டாவதில் கிடைத்திருக்கிறது.

பசுமலை தாண்டியதும் அவனே சொன்னான்: "விடணும்ணே. ஆனா இது இல்லன்னா பாடத்துல மனசு நிக்க மாட்டேங்குது."

திட்டியிருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டான்.