இமையில் மஞ்சள் திட்டு: ரத்தப் பரிசோதனைக்குப் பிறகே லேசர்

மேலிமையின் மூக்கோரத்தில் வெளிர்மஞ்சளாகத் தட்டையான ஒரு திட்டு. வலியில்லை, அரிப்பில்லை. இதன் பெயர் சாந்தெலாஸ்மா. இதோடு எங்களிடம் வருகிறவர்கள் "இதை எடுத்துவிட முடியுமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். முடியும். ஆனால் அதற்கு முன் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவோம், ஏனென்றால் இது ரத்தத்தில் கொழுப்பு ஏறியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம்.

முதலில் அது சாந்தெலாஸ்மாதானா என்று பார்க்க வேண்டும். கண்ணை மூடச் சொல்லி, இமைத்தோலை வெளிப்பக்கமாக மெல்ல இழுத்தால் மஞ்சள் நிறம் தோலுக்குள்ளேயே பரவியிருப்பது தெரியும்; தொட்டால் மெத்தென்றிருக்கும். கொழுப்பை விழுங்கி நுரைபோல் உப்பிய செல்கள் அங்கே குவிந்திருக்கின்றன. குண்டூசித் தலையளவில் வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் மிலியா என்னும் சிறு தோல்கட்டி. கீழிமையில் தோல் நிறத்திலேயே பொடிப்பொடியாக இருந்தால் பெரும்பாலும் சிரிங்கோமா என்னும் வியர்வைக் குழாய்க் கட்டி. கண்ணைச் சுற்றித் தோல் கருத்து, தடித்து, வெல்வெட் போலாகி, கழுத்திலும் அப்படியே இருந்தால் இன்சுலின் எதிர்ப்பை, அதாவது உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காத நிலையைச் சந்தேகிக்கிறோம். வெறும் கருவளையம் வேறு, இது வேறு.

ரத்தக் கொழுப்புகளை அளக்கும் லிப்பிட் ப்ரொஃபைல், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, தைராய்டுக்கான டிஎஸ்எச், கல்லீரல் பரிசோதனை, சிறுநீரில் புரதம் ஆகியவற்றைப் பார்ப்போம். தைராய்டு சுரப்பு குறைந்தாலே எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு ஏறும். அதைச் சரிசெய்தால் இறங்கும். அதனால் டிஎஸ்எச் வேண்டாம் என்று யாரும் விட்டுவிடக் கூடாது. 10 முதல் 12 மணி நேரம் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போக வேண்டும். முந்தைய இரவு மது அருந்தினால் ட்ரைகிளிசரைடு என்னும் இன்னொரு ரத்தக் கொழுப்பு எகிறும். அது 400 மில்லிகிராமைத் தாண்டினால், வழக்கமான சூத்திரத்தில் கணக்கிட்ட எல்டிஎல்லை நம்ப முடியாது. நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும். கடுமையான காய்ச்சலுக்குப் பின் உடனே எடுத்தால் எல்டிஎல் பொய்யாகக் குறைந்து காட்டும். சில வாரம் பொறுக்க வேண்டும்.

சாந்தெலாஸ்மா உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் கொழுப்பு ரிப்போர்ட் இயல்பாகவே வரும். "அப்போ ஒன்றுமில்லையே" என்று எழுந்துவிடாதீர்கள். கோபன்ஹேகனில் 1976-ல் தொடங்கி 12,745 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2011-ல் வந்தது: கொழுப்பு அளவைக் கணக்கில் எடுத்த பிறகும், இந்தத் திட்டு உள்ளவர்களுக்கு மாரடைப்பு அதிகம். ஆகவே ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், இடுப்பளவு, குடும்ப வரலாறு எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கிறோம். எல்டிஎல் 190 மில்லிகிராமைத் தொட்டால் பரம்பரைக் கொழுப்பு நோயாக இருக்கலாம். பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளுக்கும் பரிசோதனை அவசியம்.

கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை தொடங்கினால் 4 முதல் 12 வாரத்தில் மறுபரிசோதனை. எண்கள் இறங்கும், திட்டு பெரும்பாலும் அப்படியே இருக்கும். மாத்திரை வேலை செய்யவில்லை என்று அதை நிறுத்துவதுதான் பெரிய தவறு, ஏனென்றால் அது காப்பது இதயத்தை.

பிறகு அகற்றுதல். டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சுக் குச்சியில் சொட்டாதபடி ஒற்றியெடுத்துத் தடவினால் சில நொடியில் திட்டு வெண்பனி பூத்ததுபோல் வெளுக்கும். அதுதான் நிறுத்தும் அடையாளம். தடித்த திட்டுக்கு லேசர் அல்லது அறுவை. வெட்டும்போது தோலை அதிகம் எடுத்துவிட்டால் இமை இழுபட்டு வெளிப்புறம் திரும்பிவிடும். கருமை நிறத்தோரில் அந்த இடம் வெளுக்கவோ கருக்கவோ கூடும். பொருக்கைக் கிள்ளாமல், தானாக உதிரும்வரை விட வேண்டும். அறுவைக்குப் பிறகும் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு மீண்டும் வருவதாகப் பதிவுகள் உண்டு. வீட்டில் பூண்டை அரைத்துப் பூசி, இமை வெந்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.